நிழலுக்கு விட்ட ரொட்டி

மொந்தெலேந்தோ என்னும் மலையூரில் மதியச் சாப்பாடு முடிந்து கோயில் மணி ஒருமுறை அடித்ததும், ஆட்களின் நிழல்கள் எழுந்து திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விடும். பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிடும். இதில் அந்த ஊர்க்காரர்கள் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பிள்ளைகள் எல்லாம் படித்துப் பெரிய நகரங்களுக்குப் போன பிறகு, கொடிக்குக் கவாத்து வெட்டவும் குலை அறுக்கவும் ஆளில்லாமல் மூன்று வருஷம் தோட்டம் காடாகக் கிடந்தது என்றும், நான்காம் வருஷம் ஒரு மதியம் ரொட்டிக் கடைக்காரரின் நிழல்தான் முதலில் எழுந்து கத்தரியை எடுத்துக்கொண்டு இறங்கிற்று என்றும், மறுநாள் தபால்காரருடையதும் அதற்கு மறுநாள் பாதிரியாருடையதும் போயின என்றும் சொல்வார்கள். ஏன் போயின என்று யாரும் கேட்கவில்லை. வேலைக்குப் போகிறவரை வழிமறித்து ஏன் போகிறாய் என்று யார் கேட்பார்கள்? வந்ததும் என்ன சாப்பிடக் கொடுப்பது என்றுதான் யோசித்தார்கள்.

யோசித்து, ஊர்க்கூட்டம் போட்டு, ஒரு முறை வைத்தார்கள். மதியம் சாப்பிடும் ஒவ்வொருவரும் தன் ரொட்டியில் ஒரு துண்டை மிச்சம் விட வேண்டும். அந்தியில் ஏறி வரும் நிழல் அந்தத் துண்டைத் தின்றுவிட்டு ஆளின் காலடியில் வந்து படுத்துக்கொள்ளும். கல்யாணப் பெண்ணின் நிழலுக்கு ஒரு வாரம் விடுப்பு உண்டு. காய்ச்சல்காரரின் நிழலைக் கட்டில் காலில் நூலால் கட்டி வைக்கலாம். கர்ப்பிணியின் நிழல் தலையில் கூடை ஏற்றக் கூடாது. புருஷன் ரொட்டியைப் பெண்டாட்டி நிழல் தின்னலாமா என்று ஒரு வருஷம் வழக்கு நடந்து, ஒரு கல்யாணத்துக்கு ஒரே ரொட்டி என்று தீர்ப்பாயிற்று. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைக் கணக்கெடுக்க வந்த வரி அதிகாரி ஒருவர், நிழலுக்கு வரி உண்டா இல்லையா என்று யோசித்துக்கொண்டே தன் ரொட்டி முழுவதையும் தின்றுவிட்டார். அவர் இன்றும் அந்த ஊரில்தான் இருக்கிறார்.

திண்டுக்கல்லிலிருந்து வந்த சீரங்கனும் அவர் மனைவி தவமணியும் அக்டோபர் மாதத்து வெயில் நாள் ஒன்றில் அந்த ஊருக்கு மதியம் சாப்பிடப் போனார்கள்.

சீரங்கன் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் செண்பகா மிலான் நகரில் வேலை பார்த்தாள். அப்பா அம்மாவை மூன்று மாதம் அழைத்து வந்து வைத்திருந்தவள், தன்னால் விடுப்பு எடுக்க முடியாததால், ஒருநாளாவது நிம்மதியாக மலையூர்களைச் சுற்றிப் பார்க்கட்டும் என்று ரயிலில் ஏற்றி அனுப்பி, இறங்கும் இடத்தில் ஒரு வேனும் பேசி வைத்திருந்தாள். வேன் ஓட்டியவர் தயாபரன். யாழ்ப்பாணத்துக்காரர், இத்தாலிக்கு வந்து முப்பது வருஷம் ஆனவர், ஐயா, அம்மா என்று சொல்லாமல் ஒரு வாக்கியத்தையும் முடிக்க மாட்டார்.

தவமணிக்குப் பயணம் என்றாலே வயிற்றில் ஒரு பயம் உண்டு. கல்யாணமான புதிதில் ஒருநாள் புருஷன் வேலை செய்யும் பேருந்திலேயே ஏறிப் போனாள். வத்தலக்குண்டில் எல்லோரையும் ஏற்றிவிட்டு, விசிலும் கொடுத்துவிட்டு, யாரோ ஒரு கிழவரின் மூட்டையை மேலே போட்டுக்கொண்டு கீழேயே நின்றார் சீரங்கன். பேருந்து கிளம்பிவிட்டது. அவர் ஓடி வந்து படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துத் தாவி ஏறினார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். தவமணி மட்டும் மூச்சு விடவில்லை. எல்லோரையும் ஏற்றிவிட்டுத் தான் கடைசியில் ஏறுகிற ஆளுக்கு ஒருநாள் கம்பி எட்டாமல் போகும் என்று அன்றைக்கு உட்கார்ந்த பயம் அதன்பின் எழுந்திருக்கவே இல்லை. இதை அவள் அவரிடம் சொன்னதும் இல்லை. வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச அவளுக்குக் கூச்சம்.

காலையில் இரண்டு ஊர் பார்த்தார்கள். முதல் ஊரில் செம்மறிப் பாலில் செய்த பாலாடைக்கட்டியை மெல்லிதாகச் சீவி, மேலே தேன் விட்டுக் கொடுத்தார்கள். சீரங்கன் முகர்ந்து பார்த்தார்.

"கிடாய்க்குப் பக்கத்துல படுத்துத் தூங்குன மாதிரி இருக்கு," என்றார். தின்ற பிறகு, "ஆனா தேன் எல்லாத்தையும் மன்னிச்சிருது," என்று இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது ஊரில் ஆழமான கிணறு ஒன்று இருந்தது. உள்ளே எட்டிப் பார்க்கப் போனவரின் சட்டையைப் பின்னாலிருந்து தவமணி பிடித்துக்கொண்டாள். அவர் திரும்பி, "சட்டைய விடு தவம். டிக்கெட் எடுக்காம இறங்கிர மாட்டேன்," என்றார். ஒலிவ மரங்கள் சாம்பல் பூசியதுபோல் மலைச்சரிவெங்கும் நின்றன. காற்றில் ஈர மண்ணும் நசுங்கிய திராட்சையும் மணத்தன. நல்ல நாள்தான். இருந்தும் ஒவ்வொரு வளைவிலும் அவள் மனம் திரும்பித் திரும்பி, வேனில் ஏறினவர் மூன்று பேர்தான், மூன்று பேரும் இருக்கிறோம் என்று பார்த்துக்கொண்டே வந்தது.

மூன்றாவதாக மொந்தெலேந்தோ. மலை அடிவாரத்தில் சாலை திரும்பும் இடத்தில் இடுப்பளவு எல்லைக் கல் ஒன்று நின்றது. அதைத் தாண்டியதும் தயாபரன் வேகத்தைக் குறைத்தார்.

"ஐயா, அம்மா, ஒண்டு சொல்லோணும். இஞ்ச சாப்பாடு திறமா இருக்கும். ஆனா சாப்பிடேக்க பாணில ஒரு துண்டை மதிலில வைச்சிடுங்கோ. மறந்தும் திண்டிடாதேங்கோ." ரொட்டியை அவர் பாண் என்பார்.

"எதுக்கு?"

"நிழலுக்கு, ஐயா. பின்னேரம் வேலை முடிஞ்சு வரேக்க அதுக்குப் பசிக்கும்."

சீரங்கன் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான். வேலை செஞ்சா பசிக்கத்தான செய்யும்," என்றார். நாற்பது வருஷம் பேருந்தில் எல்லா விதமான ஆட்களையும் பார்த்தவர் அவர். புருஷன் ரொட்டி, பெண்டாட்டி நிழல் வழக்கையும் அதன் தீர்ப்பையும் தயாபரன் வேடிக்கைக் கதையாகச் சொல்லிக்கொண்டே மலை ஏறினார்.

"நீங்க என்ன வைப்பீங்க?" என்று தவமணி தயாபரனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"நான் இஞ்ச தண்ணியும் குடிக்கமாட்டன், அம்மா. வீட்டிலயிருந்து கட்டிக்கொண்டு வாறனான். எல்லைக் கல்லுக்கு அங்கால போய்ச் சாப்பிடுவன்."

அந்த ஊரில் இருந்த ஒரே சாப்பாட்டுக் கடை எர்சீலியா என்ற அம்மாளுடையது. பருத்த உடம்பு, நரைத்த மீசை, சிரித்த கண். கல் பாவிய முற்றத்தில் மேசை போட்டிருந்தாள். முற்றத்தைச் சுற்றி மார்பளவு மதில். மதிலுக்கு அப்பால் திராட்சைச் சரிவு. வறுத்த ரொட்டியின் மேல் ஈரல் தடவி வந்தது. பட்டையான மாவு நாடாக்கள் காட்டுப் பன்றிக் கறிக் குழம்பில் புரண்டு வந்தன. ஒலிவ எண்ணெய் விட்ட வெள்ளை மொச்சை வந்தது. அந்த ஊர் ஒயின் நாவற்பழச் சாறு போலக் கருத்திருந்தது. சீரங்கன் இரண்டு கிண்ணம் குடித்தார். தவமணி அரைக் கிண்ணம் குடித்து, உதடு கறுத்திருக்குமோ என்று சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

ரொட்டியைக் கடித்த சீரங்கன் முகத்தைச் சுளித்தார். "உப்பே இல்ல தவம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலம்பாங்க. அந்தப் பொடிய எடு."

தவமணி எங்கே போனாலும் பழைய மாத்திரை டப்பாவில் பருப்புப் பொடி கொண்டுபோவாள். கூச்சத்தோடு சுற்றிப் பார்த்துவிட்டு மேசைக்கு அடியில் எடுத்துக் கொடுத்தாள். சீரங்கன் ரொட்டியில் பொடியைத் தூவி, எண்ணெயில் தோய்த்து, தட்டில் ஒட்டியிருந்த குழம்பு வரை வழித்துத் தின்றார். சாப்பிட்ட தட்டைக் கழுவ வேண்டியதில்லை என்று அவர் அம்மா சொல்வாராம். அப்படி வளர்ந்த ஆள். ஐந்து பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு களி உருண்டையைப் பங்கு வைத்த வீடு அது. தட்டில் ஒரு பருக்கை கிடந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

ஆனாலும் சொன்ன சொல்லுக்காக ஒரு துண்டை ஒதுக்கினார். தவமணியும் ஒதுக்கினாள். அவளுக்கு இது புதிதில்லை. வீட்டில் காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் அவள் சாப்பிட்டதே இல்லை. இரண்டு துண்டையும் மதிலின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அங்கே ஏற்கனவே ஊர்க்காரர்களின் துண்டுகள் வரிசையாக இருந்தன. ஒரு காக்கை கூட அவற்றை நெருங்கவில்லை என்பதை அப்போது அவள் கவனிக்கவில்லை.

மணி ஒருமுறை அடித்தது. முதலில் எர்சீலியாவின் நிழல் எழுந்தது, கொட்டாவி விட்டது, மதிலில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிற்று. அடுத்த மேசைக் கிழவருடையது எழுந்தது. பூனைகளுடையவை எழவில்லை, பூனைகள் எந்த ஊரிலும் வேலைக்குப் போவதில்லை. பிறகு தவமணி தன் காலடியில் ஏதோ உரிவதுபோல் உணர்ந்தாள். ஈரத் துணியைக் கல்லிலிருந்து எடுப்பதுபோல் அவள் நிழல் தரையிலிருந்து பிரிந்து, சேலைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்காமல் போயிற்று. சீரங்கனுடையது கடைசியாகப் போயிற்று. எல்லோரும் இறங்கும்வரை மதிலோரம் நின்று, பிறகு ஓடிப் போய்த் தாவிற்று.

"அங்கயும் கடைசியாத்தான் ஏறுறாரு," என்று தவமணி தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிறகு பிற்பகல் முழுவதும் அவர்கள் ஊரைச் சுற்றினார்கள். வெயில் கண்ணைக் குத்தியது. அங்கே சாப்பிடாத தயாபரனைத் தவிரத் தெருவில் யாருக்கும் நிழலில்லை. சுவருக்கு இருந்தது, ஆளுக்கு இல்லை. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. வாசலில் நாற்காலி போட்டுப் பெண்கள் பின்னினார்கள், கிழவர்கள் சீட்டாடினார்கள், ஒருவன் வேஸ்பா ஸ்கூட்டரைப் பழுது பார்த்தான். ஊரின் நடுச் சதுக்கத்தில் ஒரு நீளமான கல் பெஞ்சு இருந்தது. அதில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஜெர்மன் பல் வைத்தியர், டச்சுக்காரச் சகோதரிகள் இருவர், ஒரு ஜப்பானியர், ஒரு பாட்டுக்காரர், தேனிலவுக்கு வந்த மணமகன் ஒருவர், அந்த வரி அதிகாரி. ஏழு பேரும் கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருந்தார்கள். நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்து ஊரார் அவர்களுக்குச் சோறு போட்டார்கள். குளிருக்குக் கம்பளி, வெயிலுக்குத் தொப்பி, தாகத்துக்கு அருகிலேயே ஒரு குழாய். கிறிஸ்துமஸுக்கு அவர்களுடைய பிள்ளைகள் வந்து, கூட நின்று படம் எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்களாம்.

"இவங்கள்லாம் யாரு?" என்று சீரங்கன் கேட்டார்.

"பாணை முழுக்கத் திண்டவை, ஐயா. நிழல் திரும்பி வரேல்ல. நிழலில்லாமல் அந்த எல்லைக் கல்லைத் தாண்டேலாது. கால் தானாத் திரும்பிடும். முதல்ல அழுவினம். பொழுது சாயச் சாய அழுகையும் மறந்திடும், வீடும் மறந்திடும்."

தவமணி பெஞ்சையே பார்த்தாள். ஏழு பேருக்குப் பிறகு, வலது கோடியில், ஒரு ஆள் உட்காரும் இடம் துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது.

அப்போதுதான் சீரங்கன் சிரித்தார். "நல்லவேளை, எங்கிட்ட முன்னாடியே இத்தனையும் சொல்லல. சொல்லியிருந்தா பயந்திருப்பேன்."

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. கை கழுவப் போனேன்ல, திரும்பி வரும்போது மதில்ல அந்தத் துண்டு காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நல்ல துண்டு. மனசு கேக்கல. காக்கா தின்னா என்ன, நான் தின்னா என்ன?"

தயாபரன் கையிலிருந்த வேன் சாவி கல்லில் விழுந்து ஒலித்தது.

"வேற பாண் வாங்கி வைக்கலாமா?" என்று தவமணி கேட்டாள். அவள் வாயில் தானாகவே அவர் சொல் வந்தது.

"சரிவராது, அம்மா. அந்தச் சாப்பாட்டில பிட்ட பாண்தான் வேணும்."

"இது என்னய்யா பெரிய விஷயம்? நிழல் இல்லாட்டி என்ன, வேட்டி இல்லாமயா போயிட்டேன்?" என்று சீரங்கன் சொன்னார். ஆனால் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

எர்சீலியாவின் முற்றத்துக்குத் திரும்பினார்கள். வெயில் மஞ்சளாகி, எதிர்மலையின் முதுகைத் தொட ஒரு முழம்தான் இருந்தது. நிழல்கள் ஒவ்வொன்றாக மதில் ஏறி வந்தன, களைத்திருந்தன, விரல்களில் சாறு சொட்டியது. தத்தம் துண்டைத் தின்று, தத்தம் ஆளிடம் போய்ப் படுத்தன. எர்சீலியா தன் நிழல் வந்ததும் தலையைக்கூடத் திருப்பாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தவமணியின் நிழல் வந்தது. மதிலில் உட்கார்ந்தது. சீரங்கனுடையது வரவில்லை. சூரியன் மலையில் உட்கார்ந்தது. வரவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தபோது சீரங்கன் பக்கத்தில் இல்லை. தெருவின் சரிவில் மெல்லப் போய்க்கொண்டிருந்தார். அவள் பின்னால் ஓடினாள். அவர் நேராகச் சதுக்கத்துக்குப் போய், பெஞ்சின் வலது கோடியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஜப்பானியர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"ஏங்க, எந்திரிங்க," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நல்ல முகம், சிரித்த முகம், பயணிகளிடம் காட்டும் முகம்.

"உக்காருங்கம்மா," என்றார். "நல்ல காத்து. நீங்க எந்த ஊருக்குப் போகணும்?"

அந்தக் குரலில் மரியாதை இருந்தது. நாற்பத்தொரு வருஷத்தில் அவர் அவளிடம் ஒருமுறை கூடக் காட்டாத மரியாதை அது. வத்தலக்குண்டில் பிடித்த மூச்சை இன்னும் விடவில்லை என்பதுபோல் தவமணி ஒரு கணம் நின்றாள். பிறகு எப்போதும் நடக்காத வேகத்தில் முற்றத்துக்குத் திரும்பினாள்.

மதிலில் அவள் நிழல் ரொட்டித் துண்டைத் தொடக் கை நீட்டிக்கொண்டிருந்தது. தவமணி தன் கையைத் துண்டின் மேல் வைத்தாள். உழைத்து வந்தவர் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்குவது பாவம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வைத்தாள்.

"தயாபரன் தம்பி, ஒரு கல்யாணத்துக்கு ஒரே ரொட்டின்னு தீர்ப்பு இருக்குன்னு வர்ற வழியில சொன்னீங்கல்ல?"

அவர் எர்சீலியாவிடம் கேட்டார். அந்த அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, துண்டைப் பார்த்து, தவமணியைப் பார்த்து, வேகமாக ஏதோ சொன்னாள். சொல்லும்போது கைவிரலால் துண்டின் நடுவில் ஒரு கோடு கிழித்தாள்.

"ஏலுமாம். ஆனா, அம்மா..."

"ஆனாவ அப்புறம் சொல்லுங்க."

தவமணி துண்டை இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதியைத் தன் நிழல் முன் வைத்து, "கோச்சுக்காத," என்றாள். மறுபாதியை முந்தானையில் முடிந்துகொண்டு மதிலோரப் படியில் இறங்கினாள். தயாபரன் மேலேயே நின்றார்; இறங்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

கொடிகளுக்கு நடுவே ஏற்கனவே இருட்டு ஊறியிருந்தது. இலைகள் சிவந்து, தொட்டால் சலசலத்தன. வேலை செய்து முடித்த வரிசைகள் துடைத்ததுபோல் இருந்தன. கடைசி வரிசையில் கூலி பெறாத நிழல்கள் இருந்தன. மேலே பெஞ்சில் இருப்பவர்கள் கொழுகொழுவென்று இருந்தார்கள். கீழே அவர்களுடைய நிழல்கள் எலும்பும் தோலுமாக, கொடிக் கம்பைப் போல நீண்டு மெலிந்து இருந்தன. வேலை முடிந்தது என்று யாரும் சொல்லாததால் அவை முடிக்கவில்லை. அறுக்கக் குலை இல்லாத கொடியையும் அறுத்தன. கட்டிய தளிரை அவிழ்த்து மறுபடி கட்டின. அவள் நுழைந்ததும் எட்டும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பின. முகத்தில் ஒன்றும் இல்லை. முந்தானை முடிச்சை மோந்துகொண்டு மெல்ல நெருங்கின.

எட்டில் எது அவர்? புதிதாக வந்தது இன்னும் மெலிந்திருக்காது என்று பார்த்தாள். ஆனால் அந்தி எல்லா நிழலையும் ஒரே அளவாக இழுத்து நீட்டியிருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள். புருஷன் பேரை அவள் சொன்னதே இல்லை. சொன்னாள். எதுவும் அசையவில்லை. இன்னும் கொஞ்சத்தில் சூரியன் முழுவதும் விழுந்துவிடும். எட்டும் ஒரே இருட்டாகிவிடும். ஒன்று அவள் சேலையைத் தொட்டது. மழைத் தண்ணீரில் கை விட்டதுபோல் சில்லிட்டது. பின்வாங்கி ஓடிவிடலாம் என்று கால் சொல்லிற்று.

அப்போதுதான் பார்த்தாள். ஏழு நிழல்கள் நேராக நின்றன. எட்டாவது மட்டும் இடுப்பை ஒரு கம்பில் சாய்த்து, இரண்டு காலையும் அகட்டி, இரண்டு கையும் சும்மா இருக்கும்படி நின்றது. ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல், இருக்கை முனையில் இடுப்பைக் கொடுத்து, ஒரு கையில் சில்லறையும் ஒரு கையில் டிக்கெட்டுமாக நிற்கிறவர்கள் மட்டும் அப்படி நிற்பார்கள். மலை அசையாமல்தான் நின்றது. அந்த நிழல் மட்டும் ஏதோ வளைவில் போவதுபோல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

முடிச்சை அவிழ்த்தாள். மாத்திரை டப்பாவைத் திறந்து, பாதி ரொட்டியின் மேல் பொடியைத் தூவி, அதன் உப்பு ரொட்டியில் இறங்கும்படி கட்டை விரலால் அழுத்தினாள். அந்த ஊரில் இதுவரை எந்த நிழலும் உப்பிட்ட ரொட்டி தின்றதில்லை. கையை நீட்டினாள். மற்ற ஏழும் உப்பு வாடைக்கு ஓரடி பின்வாங்கின.

"இந்தாங்க. நம்ம வீட்டுப் பொடிதான்."

நிழல் குனிந்து முகர்ந்தது. வாங்கித் தின்றது. தின்றுவிட்டு உள்ளங்கையில் ஒட்டிய பொடியையும் வழித்துத் தின்றது. ஆனாலும் கம்பை விட்டு நகரவில்லை. யாரையோ எதிர்பார்ப்பதுபோல், அல்லது இன்னும் யாரோ ஏற வேண்டியிருப்பதுபோல் நின்றது.

எல்லோரும் ஏறினால்தான் இந்த ஆள் ஏறுவார். எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று இவருக்கு இதுவரை யார் சொல்லியிருக்கிறார்கள்? தவமணி சுற்றிலும் பார்த்தாள், கேட்க யாருமில்லை. இருந்தும் கழுத்து வரை வெட்கம் ஏறிற்று. கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, மலை கேட்கக் கத்தினாள்:

"போலாம் ரைட்!"

நிழலின் கை தானாக உயர்ந்து வாய்க்குப் போயிற்று. இல்லாத விசிலை ஊதிற்று. பிறகு ஓடி வந்து, அவள் முந்தானையின் நுனியைப் படிக்கட்டுக் கம்பியைப் போல் பற்றிக்கொண்டது.

சதுக்கத்துக்கு வந்தபோது ஒரு நகத்தளவு வெயில் மிச்சமிருந்தது. நிழல் சீரங்கனின் காலடியில் படுத்தது. அவர் தும்மினார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏய், எங்கடி போன? என்னை இங்க உக்கார வச்சிட்டு ஊர் சுத்துறியா? வேன் கிளம்பிரும்."

அவள் அழவில்லை. "வாங்க," என்று மட்டும் சொல்லி, அவரை முன்னால் ஏறவிட்டுத் தான் பின்னால் ஏறினாள். எல்லைக் கல் தாண்டும்போது வேன் ஒருமுறை குலுங்கியது. யார் காலும் திரும்பவில்லை. தயாபரன் வெகுதூரம் வந்த பிறகு, சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"அம்மா, அவ சொன்ன மிச்சத்தையும் சொல்லோணும். அரைக் கூலிக்கு அரை நாள்தான் நிக்குமாம். ரெண்டு பேற்ற நிழலும்."

அந்தப் பேச்சின் பொருள் திண்டுக்கல் வந்த பிறகுதான் தெரிந்தது. மதியம் சாப்பிட்டு முடித்ததும் இரண்டு நிழல்களும் எழுந்து, மாடிப்படி இறங்கி, சிறுமலை அடிவாரத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போயின. தெருக்காரர்கள் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் வாரம், மகள் வெளிநாட்டில் இருந்தால் இப்படிச் சில உண்டு என்றார்கள். பேருந்து நிறுத்தத்தில், "அண்ணே, இப்பத்தான் உங்க நிழல் இறங்கிப் போகுது, டிக்கெட் எடுத்துச்சா?" என்று இளவட்டங்கள் கேலி செய்தார்கள். மூன்றாம் வாரம் தோட்டக்காரர் ஒருவர் பன்னீர்த் திராட்சை ஒரு கூடை கொண்டுவந்து வைத்து, "அக்கா, கவாத்து ரொம்பச் சுத்தம். அடுத்த வாரமும் நம்ம பக்கமே அனுப்பி விடுங்க," என்று கேட்டுவிட்டுப் போனார்.

தட்டில் பருக்கை விடாத சீரங்கன் இப்போது தினமும் ஒரு துண்டு தோசையை ஒதுக்குகிறார்; காக்கைக்கு என்று சொல்லிக்கொள்கிறார். தவமணி அதில் உப்பைத் தொட்டு வைக்கிறாள். முழுத் துண்டுதான் வைக்கிறார்கள். ஆனால் பழைய அரைக் கூலியின் கணக்கு அதனால் தீரவில்லை.

பொழுது சாயும்போது இருவரும் மொட்டை மாடிக்குப் போய் உட்கார்வார்கள். விளக்குப் போடுவதில்லை. மலைக்கோட்டைப் பாறைக்குப் பின்னால் சூரியன் இறங்க இறங்க, சீரங்கனின் பேச்சில் 'ஏய்', 'அடி' எல்லாம் ஒவ்வொன்றாக உதிரும். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார். அவளுக்கும் உள்ளே ஏதோ நழுவத் தொடங்கும். பக்கத்தில் இருப்பவர் முகம் எங்கோ பேருந்தில் பார்த்த முகம்போல் இருக்கும். சேலையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

"நீங்களும் யாருக்காகவாவது காத்திருக்கீங்களாம்மா?" என்று அவர் மரியாதையாகக் கேட்பார்.

"ஆமாங்க. இப்ப வந்துருவாங்க," என்று அவளும் மரியாதையாகச் சொல்வாள்.

பிறகு இருவரும், ஒரே பேருந்துக்கு நிற்கும் அறியாத இரண்டு பேரைப் போல், தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திராட்சை வாசனைதான் முதலில் படியேறி வரும். அதன்பின் அவளுடையது. எல்லாவற்றுக்கும் கடைசியில், வெயில் நகத்தளவாகும்போது, ஓடி வந்து தாவி ஏறும் அவருடையது.

இதுவரை ஒருநாளும் ஏறாமல் இருந்ததில்லை.